நாலு நேர் கண்ணி, ரெண்டு மறி கண்ணி

நம்ம ஊரில் ஆடித் தள்ளுபடி ஓய்ந்ததும் தீபாவளி மலர் விளம்பரம் வர ஆரம்பிக்கும் அல்லவா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதே மாதிரி ஒரு பருவம் உண்டு. கோடை முடியும் நேரம். குளிர் இன்னும் எட்டிக்கூடப் பார்த்திருக்காது. ஆனால், உல்லன் கடைகளின் கண்ணாடி அலமாரியில் குளிர்காலம் வந்து உட்கார்ந்துவிடும். கூடவே ஒரு புத்தகமும் வரும். ஸ்வெட்டர், சால்வை, தொப்பி, காலுறை என்று இந்த சீசனுக்கான பின்னல் டிசைன்கள் அடங்கிய தொகுப்பு.

புத்தகத்தைப் பிரித்தால் முதலில் அழகான படம். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் தலை சுற்றும். டாக்டர் சீட்டு மாதிரி இருக்கும். 'கே 4, பி 2, நட்சத்திரக் குறியிலிருந்து திரும்பச் செய்யவும்...' என்று பக்கம் பக்கமாக ஓடும். பயப்பட வேண்டாம். கே என்றால் நிட், நேர் கண்ணி. பி என்றால் பர்ல், நூலை முன்பக்கம் வைத்துக்கொண்டு எடுக்கிற மறி கண்ணி. உலகத்தில் உள்ள கைப்பின்னல் முழுவதும் இந்த இரண்டின் விளையாட்டுதான். கம்ப்யூட்டருக்கு பூஜ்யமும் ஒன்றும் மாதிரி. இந்தக் குறிப்புக்குத்தான் 'பேட்டர்ன்' என்று பெயர்.

இப்படி ஒரு தொகுப்பு வெளியானால் அதற்கு விமர்சனம் எழுதவும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொதுவாக மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள். படத்தில் இருப்பது கட்டிக்கொள்ளும்படி இருக்கிறதா? குறிப்பில் கணக்கு சரியாக வருகிறதா? ஒல்லியானவருக்கு மட்டும்தானா, எல்லா உடம்புக்கும் அளவு கொடுத்திருக்கிறார்களா?

நியாயமான கேள்விகள்தான். ஆனால், சரித்திரத்தைப் புரட்டுகிறவருக்கு நாலாவதாக ஒரு கேள்வி வரும். கொஞ்சம் சங்கடமான கேள்வி.

இந்த டிசைன் யாருடையது? அதைப் பின்னியவருக்கு என்ன கிடைத்தது?

நானூறு வருடத்துக் கதை அது. முதலில், 'இந்த வெயில் ஊரில் ஸ்வெட்டர் கதை எதற்கு?' என்று நினைக்கிறவர்கள் சட்டைக்குள் போட்டிருக்கும் பனியனைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். இழுபடுகிறதா? வேட்டி அப்படி இழுபடாது. வேட்டி நெய்தது. பாவு, ஊடை என்று இரண்டு நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறது. பனியன் பின்னியது. ஒரே நூல் கண்ணி கண்ணியாக, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வளர்கிறது. திருப்பூருக்கு 'பின்னலாடை நகரம்' என்று பெயர் வந்தது அதனால்தான்.

அந்தத் திருப்பூர் மெஷின்களின் கொள்ளுத் தாத்தா 1589-ல் இங்கிலாந்தில் பிறந்தது. நாட்டிங்ஹாம் பக்கத்தில் கால்வர்டன் என்ற கிராமம். வில்லியம் லீ என்பவர் காலுறை பின்ன ஒரு எந்திரம் செய்தார். அவர் ஒரு பாதிரியார் என்று சொல்வார்கள். அன்றைக்கு இங்கிலாந்தில் ஏழைக் குடும்பங்கள் ஏராளமாகக் கைப்பின்னலை நம்பிப் பிழைத்தன. லீ தன் எந்திரத்துக்கு முதலாம் எலிசபெத் ராணியிடம் காப்புரிமை கேட்டார். கிடைக்கவில்லை. 'என் ஏழைப் பிரஜைகளின் பிழைப்பு என்னாவது?' என்று ராணி கவலைப்பட்டதாக வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். அவருக்கு அடுத்து வந்த முதலாம் ஜேம்ஸும் கைகொடுக்கவில்லை. லீ பிரான்ஸுக்குப் போனார். நாலாம் ஹென்றி ஆதரித்தார். 1610-ல் ஹென்றியை ஒருவன் குத்திக் கொன்றுவிட்டான். ஆதரவு போயிற்று. சில வருடங்களில் லீயும் பாரிஸில் இறந்துபோனார். பாவம், எந்திரம் மட்டும் பிழைத்துக்கொண்டது. லீயின் தம்பி அதை இங்கிலாந்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்.

எந்திரம் வந்துவிட்டது. அப்படியானால் கைப்பின்னல் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. அதுதான் வேடிக்கை.

பின்னலை எப்படிக் கற்றுக்கொண்டார்கள்? பாட்டி சொல்லி, அம்மா சொல்லி. கோலம் மாதிரிதான். கோலத்துக்குப் புத்தகம் பார்த்தா நம் பாட்டிகள் புள்ளி வைத்தார்கள்? ஆங்கிலத்தில் அச்சான பின்னல் குறிப்புகளில் நமக்குத் தெரிந்து மிகப் பழையது 1655-ல் லண்டனில் வெளிவந்தது. அது பின்னல் புத்தகமே அல்ல. 'நேச்சுரா எக்ஸென்டராட்டா' என்ற வைத்தியப் புத்தகம். கைமருந்துக் குறிப்புகளுக்கு நடுவே காலுறை பின்னுவது எப்படி என்று ஒரு குறிப்பு. அதில் 'கே'யும் இல்லை, 'பி'யும் இல்லை. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் சொல்வதை அப்படியே எழுதினால் எப்படி இருக்குமோ, அப்படி.

அதற்கப்புறம் கிட்டத்தட்ட 180 வருடம் பெரிய சத்தமில்லை. 1830-களில்தான் காட்சி மாறுகிறது. ஜெர்மனியிலிருந்து 'பெர்லின் உல்லன்' என்ற மெத்தென்ற கம்பளி நூல் கலர் கலராக வந்து இறங்குகிறது. வசதியான வீட்டுப் பெண்கள் பிழைப்புக்காக இல்லாமல் பொழுதுபோக்காகப் பின்ன ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரப் பாட்டி இல்லை. புத்தகம் தேவைப்பட்டது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கணவருடன் கடை நடத்திய ஜேன் காகெய்ன் என்ற பெண்மணி இதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். கடைக்கு நூல் வாங்க வரும் சீமாட்டிகளுக்கு பேட்டர்ன் எழுதிக் கொடுத்துக் கொடுத்துப் பழகியவர். 1840-ல் அவற்றைத் தொகுத்து 'தி லேடீஸ் அசிஸ்டென்ட்' என்று புத்தகமாகப் போட்டார். சுருக்கெழுத்து மாதிரி தனக்கென்று குறியீடுகளை வைத்துக்கொண்டார். புத்தகம் பதிப்புக்கு மேல் பதிப்பு கண்டது. உடனே போட்டி. 1843-ல் மிஸ் லாம்பர்ட் 'மை நிட்டிங் புக்' போட்டார். இன்னும் பலர் வந்தார்கள். ஆளுக்கொரு குறியீடு. 'என் டிசைனை அவர் திருடிவிட்டார்' என்ற புகாரும் கூடவே வந்துவிட்டது.

கவனியுங்கள். பாட்டி வாயில் இருந்தவரை பின்னல் யாருக்கும் சொந்தமில்லை. அச்சில் ஏறியதும் அதற்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிடுகிறார். எழுதியவர்!

பின்னியவர்?

அதைத் தெரிந்துகொள்ள ஸ்காட்லாந்தின் வடக்கே, கடலுக்கு நடுவில் கிடக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்குப் போக வேண்டும். மரங்கூட அதிகம் வளராத, காற்று அடித்துத் துவைக்கும் தீவுகள். ஆண்கள் மீன் பிடிக்கப் போவார்கள். பெண்கள் பின்னிக்கொண்டே இருப்பார்கள். எரிக்கிற கரிமண் கட்டிகளை முதுகுக் கூடையில் சுமந்து நடக்கும்போதும் கை பின்னிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியின் பழைய புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன.

ஷெட்லாந்தின் அன்ஸ்ட் தீவில் பின்னிய கம்பளிச் சால்வையை 'மோதிரச் சால்வை' என்பார்கள். முழு சால்வையையும் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் விட்டு இழுத்துவிடலாம். டாக்கா மஸ்லினைப் பற்றி நாம் சொல்லும் அதே பெருமை! 1837-ல் ஷெட்லாந்துக்காரரான ஆர்தர் ஆண்டர்சன் - பின்னாளில் பி அண்ட் ஓ என்று புகழ்பெற்ற கப்பல் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவர் - ஷெட்லாந்துக் காலுறைகளை விக்டோரியா ராணிக்குப் பரிசளித்தார். ராணி அணிந்தால் ஊர் அணியும். ஷெட்லாந்து சரக்குக்கு லண்டனில் மவுசு பிறந்தது. 1851-ல் லண்டன் மகா பொருட்காட்சியிலும் ஷெட்லாந்துப் பின்னல் இடம்பிடித்தது.

அவ்வளவு மவுசு. பின்னிய பெண் கைக்கு எவ்வளவு காசு வந்தது?

பெரும்பாலும் காசே வரவில்லை.

'ட்ரக்' என்று ஒரு முறை. சால்வையைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் கொடுத்தால் அவர் பணம் தரமாட்டார். தன் கடைச் சரக்கைத் தருவார். துணி தருவார், தேயிலை தருவார். விலை அவர் வைத்ததுதான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம் என்றால் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுப்பார். அதைக் கொண்டுவந்தால் அதே கடையில்தான் சரக்கு. வீட்டில் அடுப்பெரிக்க அரிசி இல்லாதவளிடம் பட்டு ரிப்பன் கொடுத்தால் எப்படி இருக்கும்? அந்தப் பெண்கள் தேயிலையைத் தூக்கிக்கொண்டு போய், விவசாயக் குடும்பங்களிடம் கொடுத்து, மாவும் உருளைக்கிழங்கும் மாற்றி வாங்கினார்கள்.

இது அரசாங்கத்தின் காதுக்குப் போய், விசாரணைக் கமிஷன் வந்தது. 1872-ல் அதன் அறிக்கை வெளியானது. தீவுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சாட்சி சொன்னார்கள். என்ன பின்னினேன், எத்தனை நாள் ஆயிற்று, எதைக் கொடுத்தார்கள் என்று கேள்வி பதிலாக எல்லாம் பதிவாகியிருக்கிறது. அலங்காரப் படம் ஒன்றும் இல்லாத அந்த அரசாங்க அறிக்கை, என்னைக் கேட்டால், பின்னலைப் பற்றி வந்த மிக முக்கியமான புத்தகங்களில் ஒன்று. வேறெந்த டிசைன் புத்தகத்திலும் பின்னியவளின் குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்காது. 1887-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனாலும் சரக்கு மாற்றும் பழக்கம் சட்டென்று ஒழிந்துவிடவில்லை.

அடுத்து ஒரு இளவரசர் வருகிறார். ஷெட்லாந்தைச் சேர்ந்த ஃபேர் ஐல் என்ற குட்டித் தீவில், ஒரே வரிசையில் இரண்டு கலர் நூலை மாற்றி மாற்றிப் பின்னும் கட்டம் கட்டமான டிசைன் உண்டு. 1921-ல் லெர்விக் நகரத் துணி வியாபாரி ஜேம்ஸ் ஸ்மித், அந்த ஸ்வெட்டர் ஒன்றை வேல்ஸ் இளவரசருக்கு அனுப்பினார். பின்னாளில் காதலுக்காக மகுடத்தைத் துறந்தாரே, அதே எட்வர்டு. 1922-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் மைதானத்தில் அவர் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். தீர்ந்தது கதை. ஊரெல்லாம் ஃபேர் ஐல் ஸ்வெட்டர்!

இந்த டிசைனுக்கு ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். 1588-ல் ஸ்பெயின் ஆர்மடாவின் கப்பல் ஒன்று ஃபேர் ஐல் பாறையில் மோதி உடைந்தது. எல் கிரான் கிரிஃபோன் என்று பெயர். சுமார் 300 பேர் அந்தத் தீவில் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. இதுவரை உண்மை. அந்த ஸ்பானியர்கள்தான் இந்த டிசைனைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது கதை. ஆராய்ச்சியாளர்கள் இதை ஏற்பதில்லை. இதே மாதிரி கலர்ப் பின்னல் வட ஐரோப்பியக் கடலோரம் நெடுக இருக்கிறது. ஆனால் பாருங்கள், ஒரு தீவுப் பெண் தானாகவே யோசித்து இதைச் செய்திருப்பாள் என்று நம்புவதைவிட, கப்பல் உடைந்து வந்த மாலுமி சொல்லிக்கொடுத்தான் என்று நம்புவது எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கிறது!

இப்போது பாரிஸ். 1927. எல்ஸா ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலியப் பெண். ஃபேஷன் உலகில் இன்னும் பெயர் எடுக்காதவர். தோழி ஒருத்தி போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்து அசந்துபோகிறார். மற்ற ஸ்வெட்டர் மாதிரி தொளதொளவென்று தொங்காமல் நிமிர்ந்து நின்றது. விசாரித்தால், பின்னியவர் ஒரு ஆர்மீனியப் பெண்மணி. ஆரூசியாக் மிகாயேலியன். வெள்ளை நூலை உள்பக்கமாக ஓடவிட்டு அவர் பின்னும் முறையில் துணிக்கு ஒரு கெட்டி கிடைத்தது. எல்ஸா ஒரு படம் வரைந்து கொடுத்தார். கறுப்பு ஸ்வெட்டர். கழுத்தில் பெரிய வெள்ளை ரிப்பன் முடிச்சு. நிஜ ரிப்பன் இல்லை, பின்னலிலேயே வரும் பொய் ரிப்பன். முதல் இரண்டு முயற்சி தோல்வி. மூன்றாவது அபாரம்.

எல்ஸா அதைப் போட்டுக்கொண்டு ஒரு விருந்துக்குப் போனார். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அமெரிக்கக் கடை ஒன்று 40 ஸ்வெட்டர் ஆர்டர் கொடுத்தது. கெடு? இரண்டே வாரம்! பாரிஸில் இருந்த ஆர்மீனியப் பெண்களைத் தேடிப் பிடித்துப் பின்ன வைத்து, ஒப்படைத்துவிட்டார். இதை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த ஸ்வெட்டர் ஒன்று இன்றைக்கு லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

1928 நவம்பரில் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, அதே ரிப்பன் ஸ்வெட்டரை வீட்டிலேயே பின்னுவதற்கான பேட்டர்னை வெளியிட்டது. ஸ்கியாபரெல்லியின் பெயர் போடாமல்! அடடா, அநியாயம் என்கிறீர்களா? அநியாயம்தான். ஆனால் ஸ்கியாபரெல்லியின் பெயர் விட்டுப்போனதற்கு வருத்தப்படுகிற உலகம், மிகாயேலியன் என்ற பெயரை எத்தனை பேருக்குச் சொன்னது?

1932-ல் 'வோக் நிட்டிங் புக்' இங்கிலாந்தில் ஆரம்பித்தது. சீசன்தோறும் தொகுப்பு என்ற பழக்கம் வேரூன்றிய காலம் அது. அதற்குள் யுத்தம் வந்துவிட்டது. 1941 ஜூன் மாதம் பிரிட்டனில் துணிக்கு ரேஷன். ஒரு ஆளுக்கு முதல் வருடம் 66 கூப்பன். பின்னல் நூலுக்கும் கூப்பன் வெட்ட வேண்டும். உடனே பேட்டர்ன்களைப் பாருங்கள், எல்லாம் சிக்கனமாகிவிட்டன. உடம்போடு ஒட்டிய ஸ்வெட்டர், கையில்லாத ஸ்வெட்டர், மிச்சம் மீதி நூலையெல்லாம் சேர்த்த பட்டை பட்டையான ஸ்வெட்டர். பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலை அலசிக் காயவைத்து, புதுசாகப் பின்னுவது தேசபக்தி ஆயிற்று. 1943-ல் அரசாங்கமே 'இருப்பதை வைத்துச் சமாளி' என்று துணி சிக்கனப் பிரசாரத்துக்குப் புத்தகம் போட்டது. எந்தத் தலைவரின் பிரசங்கத்தைவிடவும் ஒரு ஸ்வெட்டரின் நீளம் அந்த வருடத்தைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லிவிடும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் கடைசியாக வருகிறார். எலிசபெத் ஸிம்மர்மன். 1910-ல் இங்கிலாந்தில் பிறந்து, 1937-ல் அமெரிக்காவில் குடியேறியவர். ஸ்வெட்டரைத் துண்டு துண்டாகப் பின்னித் தைக்காமல், குழாய் மாதிரி வட்டமாகவே பின்ன வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு பத்திரிகைக்கு அப்படி பேட்டர்ன் எழுதி அனுப்பினால், ஆசிரியர் குழு அதைத் துண்டு துண்டாக மாற்றிப் போட்டுவிட்டது. அம்மாவுக்குக் கோபம் வந்தது. 1958-ல் தானே ஒரு செய்திமடல் தொடங்கிவிட்டார். 1971-ல் 'நிட்டிங் விதவுட் டியர்ஸ்' என்ற புத்தகம் போட்டார்.

அவர் செய்த புரட்சி என்ன தெரியுமா? உடம்புச் சுற்றளவை நூறு என்று வைத்துக்கொள், மற்றதெல்லாம் அதில் இத்தனை சதவிகிதம் என்று ஒரு கணக்கைக் கொடுத்தார். கணக்கு கையில் இருந்தால் பேட்டர்ன் வாங்கவே வேண்டாம். உன் ஸ்வெட்டருக்கு நீயே எஜமானி! பேட்டர்ன் எழுதிப் பிழைக்கிற ஒருவர் இதைச் சொன்னார் என்பதை நினைத்துப் பாருங்கள். தான் கண்டுபிடித்ததைக்கூட 'கண்டுபிடிப்பு' என்று சொல்ல மறுத்தார். ஊசியும் நூலும் இருக்கிற இத்தனை நூற்றாண்டில் எவளோ ஒருத்தி இதை முன்பே செய்திருப்பாள் என்பது அவர் எண்ணம்.

2007-ல் ராவெல்ரி என்ற இணையதளம் வந்தது. டிசைன் போட்டவர் நேரடியாகவே பின்னுகிறவருக்கு விற்கலாம். பெயர் கிடைத்தது, காசும் கிடைத்தது. நல்ல விஷயம். ஆனால் பேட்டர்னை வெளியிடுமுன் யாராவது பின்னிச் சரிபார்க்க வேண்டுமே? அதைச் செய்கிறவர்களுக்குப் பல இடங்களில் கூலி பணமாக இல்லை. பேட்டர்ன் இலவசம், சில சமயம் கொஞ்சம் உல்லன். ஆசைக்குப் பின்னுகிறவரை ஷெட்லாந்துப் பெண்ணோடு ஒப்பிடக் கூடாதுதான். அவளுக்கு வேறு வழி இல்லை, இவருக்கு இருக்கிறது. இருந்தாலும், மாதக்கணக்கில் கணக்குப் பார்த்துக் கண்ணி எண்ணியதற்கு நூலே கூலி என்னும்போது, அந்தத் தேயிலைப் பொட்டலம் ஞாபகத்துக்கு வராமல் இல்லை.

சமீப வருடங்களில் இன்னொரு கூத்து. கம்ப்யூட்டரே உருவாக்கிய படங்களை மேலே போட்டு, உளறலான குறிப்பைக் கீழே போட்டு இணையத்தில் விற்கிறார்கள். படத்தில் இருக்கும் ஸ்வெட்டரைப் பிரம்மாவே வந்தாலும் பின்ன முடியாது. ஏனென்றால், அதை யாருமே பின்னியதில்லை!

ஆகவே, ஒரு பின்னல் தொகுப்பை எடைபோட வேண்டுமென்றால் அட்டைப் படத்தில் ஆரம்பிக்காதீர்கள். கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். டிசைன் போட்டவர் பெயர் இருக்கும். படம் எடுத்தவர் பெயர் இருக்கும். மாடல் பெயர்கூட இருக்கும். அந்த ஸ்வெட்டரை ஊசி பிடித்துப் பின்னி, கணக்குத் தப்பிய இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாக வாங்கலாம். அந்தக் குறிப்பை நம்பலாம்.